தப்பி வந்து தங்கியிருக்கும் நாட்டிலிருந்தே, சித்திரவதை செய்தவர்மீது வழக்குப் போட முடியுமா?

முடியும். வருடக்கணக்கில் இழுக்கும், ஆனால் முடியும்.

1984-இல் ஐ.நா. ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, சித்திரவதை செய்தவர் தங்கள் மண்ணில் இருந்தால் அவரை விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. சில நாடுகளின் சட்டம் இன்னும் விரிவானது. சிரியத் தலைநகர் டமாஸ்கஸின் அல்-கதீப் தடுப்பு மையத்தில் விசாரணைக்குப் பொறுப்பாக இருந்த அன்வர் ரஸ்லானுக்கு, 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் பலர் அந்த மையத்தில் அடைபட்டிருந்த அகதிகள். இதைவிடப் பெரிய நம்பிக்கை எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதல் வேலை மருத்துவச் சான்று. தழும்பு மங்குவதற்குள், சித்திரவதைக் காயங்களைப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான 'இஸ்தான்புல் நெறிமுறை' தெரிந்த மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு தழும்பையும் உடல் வரைபடத்தில் குறித்து, நீங்கள் சொல்லும் காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று எழுதுவார். தூக்கமின்மை, திடுக்கிடல் போன்ற மனக் காயங்களும் அதில் பதிவாகும். தழும்பே இல்லாவிட்டாலும் சித்திரவதை நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள்: கண்ணைக் கட்டியிருந்தபோது கேட்ட குரல்கள், படிகளின் எண்ணிக்கை, கூட அடைபட்டிருந்தவர்கள். தேதி குழம்பினால் குழம்புகிறது என்றே சொல்லுங்கள். யூகித்துச் சொன்ன தேதியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். ஊரில் இருக்கும் உறவினர் பெயரைத் தருமுன் சாட்சிப் பாதுகாப்பு பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உறவினர் யாராவது இன்னும் சட்டவிரோதமாக அடைபட்டிருந்தால், 1991 முதல் இயங்கும் ஐ.நா. தன்னிச்சைத் தடுப்புக்காவல் பணிக்குழுவுக்கு எழுதலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.