வீடு விற்கும்போது காஸ், கரண்ட் செலவைச் சொல்ல வேண்டுமா? கேள்வி பதில்

இங்கிலாந்தில் வீடுகளுக்கு ஈ.பி.சி. சான்றிதழ், அதாவது ஒரு வீடு எவ்வளவு காஸும் கரண்டும் தின்னும் என்று காட்டும் தாள், கணிப்பது என் வேலை. வீடு விற்கிற, வாங்குகிற நம் ஆட்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஹரோவிலிருந்து: அண்ணா, வீட்டில் ஆறு பேர். பில் கண்டபடி வருகிறது. வாங்க வருபவர்களுக்குக் காட்டத்தான் வேண்டுமா?

பில்லைக் காட்டச் சொல்லிச் சட்டம் இல்லை, தங்கச்சி. சான்றிதழ்தான் கட்டாயம், 2007இலிருந்து. வீட்டை விற்பனைக்கு விடும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அதில் வரும் செலவு உங்கள் குடும்பத்துச் செலவல்ல. இந்த அளவு வீட்டில் இத்தனை பேர் இருப்பார்கள், இத்தனை மணிநேரம் ஹீட்டிங் ஓடும் என்று வைத்துப் போடும் பொதுக் கணக்கு. சமையல், ஃபிரிட்ஜ், டிவி எதுவும் சேராது. இருந்தாலும் யாராவது கேட்டால் ஒரு வருட பில்லை எடுத்துக் கொடுங்கள். ஆறு பேர் இருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானே வாங்குவதாக இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: வாங்க நினைக்கும் வீட்டுக்கு 2017இல் எடுத்த சான்றிதழ் இருக்கிறது. செலவு குறைவாகத் தெரிகிறதே, நம்பலாமா?

எடுத்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், அந்தக் கெடு முடியாவிட்டால் செல்லுபடியாகும். ஆனால் பவுண் கணக்கை நம்பிவிடாதீர்கள், அது அந்தக் காலத்து விலை. 2022இல் காஸ் விலை எப்படி ஏறியதென்று எல்லோருக்கும் தெரியும். சுவர், கூரை, பொயிலர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருப்பதை வாசியுங்கள். அந்தக் காலத்துத் தாள்களில் 3 வருடச் செலவைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

டூட்டிங்கிலிருந்து: காசைக் கொட்டிச் சுவருக்கு உட்புறமாகக் குளிர் தடுக்கும் இன்சுலேஷன் போட்டோம். சான்றிதழில் "இன்சுலேஷன் இல்லை" என்று வந்திருக்கிறது. இது நியாயமா?

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, அக்கா. சுவரைத் துளைத்துப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. கண்ணால் காண வேண்டும், இல்லையென்றால் தாளில் காண வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் வீடு கட்டிய காலத்தை வைத்து மென்பொருளே ஒன்றை எடுத்துக்கொள்ளும். விக்டோரியன் வீட்டுக்கு அது எடுப்பது வெறும் செங்கல் சுவர்.

இப்படி ஒரு வீட்டில் நான் சுவரைத் தட்டினேன், தொப்பென்று பலகைச் சத்தம் கேட்டது. யன்னல் ஓரத்துச் சுவரும் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தாலும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எழுத என்னிடம் தாள் இல்லை. இரண்டு கிழமை கழித்து அந்த ஐயா ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு கூப்பிட்டார். உள்ளே வீட்டு முகவரி போட்ட பில்லும் கவுன்சிலின் கட்டட அனுமதிச் சான்றும் இருந்தன. சான்றிதழில் 'ஈ' தரம் என்று வந்த வீடு ஒரு படி மேலே போய் 'டி' ஆனது. நீங்களும் தாளைத் தேடுங்கள், கணிப்பவரிடம் கொடுத்துப் புதிதாக எடுக்கலாம். கூரைக்கு அடியிலுள்ள லொப்ட் கதவையும் திறந்து வையுங்கள். பெயின்ட் அடித்து இறுகிப்போன கதவுக்குப் பின்னால் 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன் கம்பளி இருந்தாலும் எனக்கு அது தெரியாது.

குரோய்டனிலிருந்து: கிரீன் டீல் கடனில், அதாவது வீட்டு எரிசக்திச் செலவைக் குறைக்கும் வேலைகளுக்கு அரசுத் திட்டத்தில் கிடைத்த கடனில், பொயிலர் போட்டோம். விற்கும்போது சொல்லாமல் விட்டால்?

வேண்டாம் தம்பி. அந்தக் கடன் உங்களோடு வராது, கரண்ட் மீட்டரோடு அங்கேயே நிற்கும். புதிதாக வருபவரின் பில்லில் அது ஏறும். 2013இல் தொடங்கிய திட்டம், 2015இல் அரசு பணம் கொடுப்பதை நிறுத்தினாலும் எடுத்த கடன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் வீட்டைப் பற்றி நிரப்ப வேண்டிய, சொலிசிட்டர் (வக்கீல்) தரும் டி.ஏ.6 படிவத்தில் இதை நேரடியாகவே கேட்டிருப்பார்கள். பொய் எழுதினால் வாங்கியவர் வழக்குப் போடலாம். கூரையை வாடகைக்கு விட்டுச் சோலார் போட்டவர்களுக்கும் இதே கதைதான், பெரும்பாலும் 25 வருட ஒப்பந்தம். முதல் நாளே சொலிசிட்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வெம்பிளியிலிருந்து: சாவி கைமாறும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு மீட்டரையும் இரு தரப்பும் படம் எடுங்கள். காசு போட்டு எரிக்கும் மீட்டர் என்றால் பழைய கார்டைத் தொடாமல் கம்பெனிக்கு அழைத்துப் புதிதாக வாங்குங்கள். பழையதில் காசு போட்டால் முன்னவரின் கடனுக்கு அது போய்விடக்கூடும்.