பதில்: சீன மருந்து குடிச்சிட்டே ப்ளூ லைட் எடுக்கலாமா?

சிங்கப்பூர்ல பருவுக்கு சீன வைத்தியர்கிட்ட கஷாயம் வாங்கி குடிக்கிறீங்க, இப்போ ஸ்கின் கிளினிக்ல ப்ளூ லைட்டும் (பரு மேல நீல வெளிச்சம் அடிக்கிற சிகிச்சை) சொல்றாங்க, ரெண்டும் சேர்ந்து எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் சேர்க்கலாம், ஆனா முதல்ல கஷாயத்துல என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் கேட்டு வாங்குங்க. பருவுக்கு "நுரையீரல் சூடு"ன்னு லோக்வாட்ங்கிற பழமரத்தோட இலை போட்டு குடுப்பாங்க, அது பரவால்ல, ஆனா பை-ஷி (முகத்துக்கு பூசுற பேக்லயும் வரும்), பூ-கூ-ஷின்னு ரெண்டு மூலிகை இருக்கு, இது ரெண்டும் தோலை வெயிலுக்கு கூச வைக்கும், பூ-கூ-ஷி வேற ஒண்ணுமில்ல நம்மூர் கார்போகரிசிதான்!

ப்ளூ லைட் 415 நானோமீட்டர் பக்கம், பரு கிருமி தயாரிக்கிற போர்ஃபிரின்ங்கிற பொருள் அந்த வெளிச்சத்தை இழுத்து கிருமியையே கொல்லும். அதுல யூவி இல்ல, பெரிய பயம் வெளிய வெயில்லதான். அதனால சன்ஸ்கிரீன் விடாதீங்க. டாக்ஸிசைக்ளின் (பருவுக்கு குடுக்குற ஆன்டிபயாடிக்) எடுத்தா அதையும் கிளினிக்ல சொல்லிடுங்க, அதுவும் தோலை வெயிலுக்கு கூச வைக்கும்.

உங்க சீன வைத்தியர், சிங்கப்பூர்ல சீன வைத்தியர்களைப் பதிவு பண்ற போர்டுல பதிவானவரான்னு பாத்துக்கோங்க. அப்புறம் என் கருத்து, ரெண்டையும் ஒரே வாரத்துல ஆரம்பிக்காதீங்க, எரிச்சல் வந்தா எதால வந்துச்சுன்னே தெரியாது. கட்டி மாதிரி ஆழமான பருன்னா லைட்டுக்கு காசு கட்டாம நேரா தோல் டாக்டர்கிட்ட போங்க, தழும்பு விழுந்துரும்.