எந்த ரோல் எந்தக் கேமராவுக்கு? 120, 220, 620 சந்தேகங்கள்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்து, ரோல் பிலிமில் கல்யாணம் எடுத்துப் பழகியவன் நான். இப்போது கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமும் பழைய கேமராக்களைத் தூசி தட்டி, பிலிமிலேயே கல்யாணம் எடுத்துத் தரும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். 120, 220, 620 என்ற ரோல் பிலிம் வகைகளைப் பற்றியும் அந்தக் கேமராக்களைப் பற்றியும் அவர்கள் என்னிடம் கேட்டவை இவை.

சித்தூர்: அண்ணே, கோயமுத்தூரில் பழைய மாமியா ஆர்பி67 ஒன்று வாங்கினேன். கூட வந்த பேக் (பிலிம் போடும் பின்பெட்டி) 220. கையில் இருப்பது 120 ரோல்தான். போடலாமா?

சும்மா எடுத்துப் பார்க்கப் போடலாம் தம்பி. காசு வாங்கி எடுக்கும் வேலைக்குப் போடாதே. இரண்டுக்கும் அகலமும் ஸ்பூலும் (பிலிம் சுற்றிய கட்டை) ஒன்றுதான், வித்தியாசம் தாளில் இருக்கிறது. 120-ல் பிலிமின் முதுகில் முழு நீளத்துக்கும் தாள் கூடவே வரும். 1965-ல் வந்த 220-ல் தலையிலும் வாலிலும் மட்டும்தான் தாள், நடுவில் வெறும் பிலிம். அதனால்தான் அதே ஸ்பூலில் இரண்டு மடங்கு நீளம் அடங்குகிறது. உன் பேக்கில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் தாள் இல்லாத கனத்துக்கு அமைத்தது. 120 போட்டால் இறுக்கிப் பிடிக்கும், லீவர் கனமாக வரும், படங்களுக்கு நடுவே இடைவெளி ஏறுமாறாகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து எண்ணிக்கையில். 6×7 செ.மீ. படமாக எடுத்தால் 120 ரோலுக்கு 10 படம். அந்த பேக் 20 வரை எண்ணும், 10-ல் நிற்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்பாத்தியில் ஒரு கல்யாணம். என்னுடைய இரட்டை லென்ஸ் கேமராவின் பின்கதவில் பிளேட்டை நகர்த்தினால் 120-க்கு 12, 220-க்கு 24 என்று மாறும். முந்தின நாள் துடைக்கும்போது அது 24-க்குப் போயிருக்கிறது. ரோல் போடும்போது நான் பார்க்கவில்லை. தாலி கட்டியது 14-வது கிளிக்கில். கழுவிப் பார்த்தால் இருந்ததே 12 படம். பெண்ணின் அப்பாவிடம் போய் அதைச் சொல்லி நின்ற நிமிஷம் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அன்றிலிருந்து பிளேட்டைப் பார்த்து, "பன்னிரண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கதவை மூடுகிறேன். நீயும் அப்படியே செய்.

மீனாட்சிபுரம்: சார், தாத்தாவின் அக்ஃபா க்ளிக் III இருக்கிறது. நண்பர் ஒரு 220 ரோல் தந்தார். அதில் போகுமா?

போகாது. அந்தக் கேமராவில் பின்னால் உள்ள சிவப்பு ஜன்னல் வழியாகத் தாளில் இருக்கும் நம்பரைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். 220-ல் தாளும் இல்லை, நம்பரும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராகப் பிலிமில் விழுந்து ரோல் வீணாகும்.

வாளையாறு: வீட்டில் கிடைத்த கோடாக் கேமராவில் 620 என்று எழுதியிருக்கிறது. 120 ஸ்பூல் உள்ளேயே உட்காரவில்லை, அண்ணே.

உட்காராது. 1930-களின் தொடக்கத்தில் கோடாக் கொண்டுவந்த அளவு அது. பிலிமும் தாளும் 120 தான், ஸ்பூலின் தண்டும் ஓரத் தட்டும் மட்டும் சிறியவை. 1995-ல் நிறுத்திவிட்டார்கள். உள்ளே காலி 620 ஸ்பூல் இருந்தால் தூக்கிப் போடாதே, அதுதான் சொத்து. இருட்டுப் பைக்குள் (வெளிச்சம் புகாமல் கையை மட்டும் நுழைக்கும் பை) 120 ரோலை முதலில் வேறொரு காலி ஸ்பூலில் சுற்றி, அங்கிருந்து 620-க்கு மாற்ற வேண்டும். ஒரே தடவையில் மாற்றினால் பிலிமின் தலை உள்ளே போய்விடும். பிலிம் தாளோடு ஒட்டியிருப்பது தலைப் பக்கத்தில் மட்டும்தான். இரண்டாவது சுற்றில் தளர்ச்சி எல்லாம் அங்கே வந்து புடைக்கும். டேப்பைப் பிரித்து, சமன்படுத்தி, மறுபடி ஒட்டு. வீணான ரோல் ஒன்றை வைத்து முதலில் வெளிச்சத்தில் பழகு. ஸ்பூலின் ஓரத்தை வெட்டித் தேய்க்கும் வழியை நான் சொல்ல மாட்டேன். வெளிச்சம் புகும்.

கொல்லங்கோடு: அண்ணா, ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமேட்டில் ரோல் போட்டேன். முதல் படத்தில் நிற்காமல் கடைசிவரை சுற்றிக்கொண்டே போய்விட்டது. கேமரா கெட்டுவிட்டதா?

கெட்டிருக்காது தங்கச்சி. அந்தக் கேமரா பிலிம் தொடங்கும் இடத்தைக் கனத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது. தாள் மட்டும் போகும்போது ஒரு கனம், பிலிமும் டேப்பும் சேர்ந்து வரும்போது கூடுதல் கனம். தாளை, இந்தக் கனத்தை உணரும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விடாமல் மேலாகப் போட்டிருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. பத்தில் ஒன்பது தடவை இதுதான் நடந்திருக்கும். ஒழுங்காக விட்டும் நிற்கவில்லை என்றால் பிலிமின் அடித்தளத்தைப் பார். இப்போது வரும் சில ரோல்கள் மெல்லிய பாலியெஸ்டரில் வருகின்றன. இருட்டுப் பையில் தலைப் பக்கத்து டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்று, பாலியெஸ்டர் ஓரத்தின் வழியாக வெளிச்சத்தை உள்ளே இழுக்கும். நம் ஊர் உச்சி வெயிலில் நின்று ரோல் மாற்றவே மாற்றாதே. நிழல் இல்லாவிட்டால் உன் முதுகு நிழலாவது வேண்டும்.

மூணாறு: எஸ்டேட்டில் எடுத்த படத்தில் வானம் முழுக்க மங்கலாக நம்பர்களும் புள்ளிகளும் தெரிகின்றன. லேப் தப்பா?

லேப்பைத் திட்டாதீர்கள். அது தாளில் அச்சடித்த எழுத்து. ஈரமும் சூடும் சேர்ந்தால் பிலிமில் பதிந்துவிடும், வானம்போல ஒரே நிறமான இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலின் உறையை உடனே பிரிக்காதீர்கள், ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும். எடுத்து முடித்த ரோலை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சீக்கிரம் கழுவக் கொடுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் பையில் கிடக்கக் கூடாது.

கோவிந்தாபுரம்: 120 பேக்தான், 120 ரோல்தான். ஆனாலும் இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. அடுத்த வாரம் கல்யாணம் இருக்கிறது, அண்ணே.

முதலில் தாளில் உள்ள அம்புக்குறியைப் பேக்கில் உள்ள குறிக்கு நேராக வைத்தாயா, தாள் தொய்யாமல் இருந்ததா என்று பார். அது சரி என்றால் ஒரு வீணான ரோலைப் போடு. ஒவ்வொரு படத்துக்கும் சுற்றிய பிறகு பேக்கைக் கழற்றி, பிலிமை மறைக்கும் ஸ்லைடை உருவி, தெரியும் சட்டத்தின் நாலு ஓரத்தையும் மார்க்கரால் பிலிமிலேயே வரைந்துவிடு. கடைசியில் பிரித்து நீட்டிப் போட்டால் கோடுகள் ஏறுகின்றனவா இல்லையா என்று தெரிந்துவிடும். ஏறினால் கியர் தேய்ந்திருக்கிறது, ரிப்பேருக்குக் கொடு. இந்தக் கல்யாணத்துக்கு வேறு பேக் கடன் வாங்கிக்கொள். என்னிடம் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.