காலையில் மட்டும் உதறும் பழைய பென்ஸ்: இன்ஜெக்டரை மாற்றும் முன்

வணக்கம் சார். உங்கள் 2005 பெட்ரோல் பென்ஸ் காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் உதறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது, என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்.

நாளைக் காலை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, இரண்டு விநாடி விட்டு அணையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தபின் ஸ்டார்ட் போடுங்கள். உதறல் குறைந்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பெட்ரோல் பம்ப்பின் வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றம் இல்லையா? சரி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டு, கூலன்ட் எனும் என்ஜின் குளிர்விப்பு நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டித்தான் காட்ட வேண்டும், சென்னையில் சுமார் 25, 30 டிகிரி. 70 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. என்ஜின் சூடாக இருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். சென்சாரை மாற்றுவது சின்னச் செலவுதான். ஆனால் புதுப்பேட்டையில் பழையது வாங்காதீர்கள், ஜி.பி. ரோட்டில் புதியதாகவே வாங்குங்கள்.

அப்புறம் வேக்யூம் ஹோஸ்கள், அதாவது என்ஜின் காற்றை உறிஞ்சும் பகுதியோடு இணைந்த ரப்பர் குழாய்கள். இவற்றில் விரிசல் வழியே காற்று புகுந்தாலும் என்ஜின் உதறும். நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகி, வளைத்தால் பிஸ்கட் போல வெடிக்கும். வளைவின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கூலன்ட் அடிக்கடி குறைந்து, காலையில் இனிப்பு வாசத்தோடு வெண்புகையும் வந்தால் மட்டும் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். என்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதித்துவிடுங்கள். ஸ்கேனரில் என்ன வந்தது என்று எழுதுங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.