துணைப் பாத்திரம் கிடைத்திருக்கிறது, வேலையை விடலாமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எனக்கு 34 வயது. தளவாட நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை. மேடை நாடகங்களில் நடித்திருக்கிறேன். இப்போது ஒரு தமிழ்த் தொடரில் கதாநாயகியின் அண்ணன் வேடம் தருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? ஒப்புக்கொள்ளும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?"

விடாதீர்கள். வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. இங்கே தமிழுக்கென இருக்கும் இலவச ஒளிவழி வசந்தம் மட்டும்தான். உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் எல்லாரும் தட்டுவது அந்த ஒரு கதவைத்தான். சென்னையில் ஒரு குணச்சித்திர நடிகர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தொடர்களில் அப்பாவாக இருக்க முடியும். இங்கே ஒரு தொடர் முடிந்து அடுத்த அழைப்பு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சென்னையிலேயே நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டுதான் நாடகம் போட்டார். சபா நாடகக்காரர்களில் பாதிப் பேருக்குப் பகலில் அலுவலகம், மாலையில் மேடை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, என்ன கேட்பது? "எத்தனை அத்தியாயத்தில் வருகிறேன்?" என்றுதான் புதியவர்கள் கேட்பார்கள். அதைவிட, "எத்தனை படப்பிடிப்பு நாள்?" என்று கேளுங்கள். தொடரைக் கதை வரிசையில் எடுப்பதில்லை, இடத்தை வைத்துத்தான் எடுப்பார்கள். கதாநாயகியின் வீடு என்று ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டைப் பிடித்தால், அந்த வீட்டில் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுத்து முடித்துவிடப் பார்ப்பார்கள். உங்கள் அண்ணன் வீட்டை விட்டு வெளியே போகாதவர் என்றால் பத்து அத்தியாயத்துக்கும் ஐந்து நாள் போதும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு காட்சி, காப்பிக்கடையில் ஒரு காட்சி, காவல் நிலைய வாசலில் ஒரு வசனம் என்று சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றும் ஒரு முழு நாளைத் தின்னும். தயாரிப்பில் அட்டவணை போட்டவன் என்பதால் சொல்கிறேன்: துணை நடிகரின் நாளை மிச்சப்படுத்த யாரும் அட்டவணை போடுவதில்லை. நாயகியின் தேதி, வீட்டுக்காரர் தரும் தேதி, அப்புறம்தான் நீங்கள்.

எட்டு ஆண்டு முடித்தவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பு குறைந்தது 14 நாள். அதில் குடும்பத்துக்கு நான்கைந்து நாளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தோடு படப்பிடிப்பு நாளை ஒப்பிடுங்கள். வார இறுதிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வெளிவேலை செய்ய உங்கள் வேலை ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பார்த்து, மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுங்கள். திரையில் வரும் முகத்தை மறைக்க முடியாது.

இன்னொன்று, தலைமுடி. முதல் நாள் எந்த முடி, எந்தத் தாடியோ, கடைசி நாள்வரை அதேதான். கண்டினியூட்டி கெட்டால் எடுத்த காட்சியே வீண். நடுவில் ரிசர்விஸ்ட் அழைப்பு, அதாவது தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சி, இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். முகாமுக்குள் அடர்ந்த முடியோடு போன அண்ணன், அடுத்த காட்சியில் ஒட்ட வெட்டிய தலையோடு வந்து நின்றால் இயக்குநர் அழுவார்.

பணத்தை எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் நாளுக்கா அத்தியாயத்துக்கா, டப்பிங் நாளும் மறுபடப்பிடிப்பும் அதில் சேர்த்தியா, படப்பிடிப்புக்கு முந்தைய இரவு அழைப்பை ரத்துசெய்தால் என்ன தருவார்கள், இவ்வளவும் இருக்க வேண்டும். "ஒளிபரப்பான பிறகு" என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள், ஒளிபரப்பு தள்ளிப்போகும். காலண்டர் தேதி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். தொலைபேசிப் பேச்சை நம்பி ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்துவிட்டு, காசுக்காகப் பதினொரு மாதம் நடந்தவன் நான். சுயதொழில் செய்வோருடன் எழுத்தில் ஒப்பந்தம் போடுவதற்கென்றே 2018இல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலை வந்தது. கட்டாயம் இல்லை, ஆனால் அதைக் காட்டிக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படியும் காசு வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

இந்த வருமானம் சுயதொழில் கணக்கில் வரும். மின்னியல் முறையில் ஏப்ரல் 18க்குள் வரிப் படிவம் போட வேண்டும். செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் கட்ட வேண்டும். டாக்சி, உடை ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள்.

நடிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. மேடையில் வசனம் பேசும்போதுதான் உங்களைப் பார்ப்பார்கள். தொடரில் தங்கை பேசும்போது உங்கள் முகத்துக்கு வெட்டுவார்கள். அப்போது நீங்கள் அடுத்த வரியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தால், எடிட்டர் உங்களைத் தூக்கிவிடுவார். எந்த வார்த்தையில் தேநீர்க் கோப்பையை எடுத்தீர்களோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே வார்த்தையில் எடுங்கள். இதைச் சரியாகச் செய்கிறவரை அடுத்த தொடருக்கும் கூப்பிடுவார்கள்.

தொடர், டப்பிங், விளம்பரம், மேடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு நூறு நாள் அழைப்பு, அதுவும் இரண்டு ஆண்டு தொடர்ந்து வந்தால், வேலையை விடுவது பற்றி மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு பதில் சொல்வேன்.