டிசம்பரில் கொல்கத்தாவுக்குப் புகைப்படப் பயணம்: சென்னையிலிருந்து போகிறவர் நான்கு நாளை எப்படித் திட்டமிடலாம்?

இடங்களின் பட்டியல் பிறகு. முதலில் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். கொல்கத்தா சென்னைக்கு எட்டு டிகிரி கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். டிசம்பர் நடுவில் அங்கே 6.10 வாக்கில் சூரியன் உதித்து, மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் நாலரைக்கு அறையை விட்டுக் கிளம்பினால் ஆற்றங்கரை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நான்கு காலைகளில் இரண்டை மல்லிக் காட் பூச்சந்தைக்கே கொடுங்கள். ஹவுரா பாலத்தின் கொல்கத்தாப் பக்க முனையில், பாலத்தை ஒட்டிக் கீழே இருக்கிறது. ஐந்தே முக்காலுக்கு அங்கே நிற்க வேண்டும். மெட்ரோ அந்த நேரத்தில் ஓடாது. அதனால் எஸ்பிளனேடு, சாந்தினி சௌக் பக்கம் அறை எடுத்தால் டாக்ஸியில் சீக்கிரம் போய்விடலாம்.

விடியும்முன் கடைகளில் எல்.இ.டி. பல்புதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடியாக வையுங்கள்.

வெயில் வந்ததும் செண்டுமல்லி படுத்தும். ஆரஞ்சுப் பூவில் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிய, இதழ்களின் மடிப்பெல்லாம் அழிந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது. மூன்று வண்ணமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைத்து, ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

கூடை சுமப்பவர்கள் உங்களுக்காக நிற்க மாட்டார்கள்; நிற்கவும் முடியாது, தலையில் அவ்வளவு பாரம். ஓரமாக ஒதுங்கி 35 மி.மீ. லென்ஸில் எடுப்பதே அவர்களுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. தரை முழுக்க ஈரமும் பூக்கழிவும், செருப்பு வழுக்கும். படித்துறையில் குளிப்பவர்களை, குறிப்பாகப் பெண்களை, எடுக்கவே வேண்டாம்.

பாலத்தின்மேல் நின்று கேமராவை எடுத்தால் போலீஸ் தடுக்கக்கூடும். 705 மீட்டர் பாலமும் முழுதாகத் தெரிவது ஹவுரா படகுத்துறையிலிருந்து கிளம்பும் படகில்தான். எஞ்சின் அதிர்வு கைப்பிடிக் கம்பி வழியாகக் கேமராவுக்கு ஏறும், அதில் சாயாதீர்கள். ஷட்டர் வேகத்தில் 1/500க்குக் கீழே போகாதீர்கள். குளிர்காலப் புகைமூட்டத்தில் நீல வானம் கிடைப்பது அரிது. அதற்குப் பதில் சிவந்த வட்டமாக எழும் சூரியன் கிடைக்கும், 200 மி.மீ. இருந்தால் கொண்டுபோங்கள்.

மூன்றாம் காலை, களிமண் சிலை செய்பவர்களின் பகுதியான குமார்துலி. ஷோபாபஜார் மெட்ரோவிலிருந்து நடக்கலாம். துர்க்கை சிலைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அதற்குச் செப்டம்பரில் போக வேண்டும். குளிர்காலத்தில் சரஸ்வதி பூஜைக்கான வேலை நடக்கும்: வைக்கோல் கட்டு, அதன்மேல் களிமண். பட்டறைகளில் வெளிச்சம் தெருப்பக்கத்திலிருந்து மட்டும் வரும், ஐ.எஸ்.ஓ. 1600 ஆவது வேண்டும். சந்து குறுகல், ட்ரைபாட் வேண்டாம். உள்ளே நுழையுமுன் கைவினைஞரிடம் அனுமதி கேளுங்கள். கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

ஞாயிறு காலையை பி.பி.டி. பாக் பகுதியின் பழைய கட்டடங்களுக்கு வையுங்கள், அலுவலகக் கூட்டம் இருக்காது. மாலைகளில் நான்கு மணிக்கே ஆற்றங்கரையில் உள்ள பிரின்செப் காட் போய்விடுங்கள்.

டிராமை நம்பித் திட்டம் போடாதீர்கள். எஸ்பிளனேடு–மைதானம் தவிர மற்றத் தடங்களை நிறுத்துவதாக மாநில அரசு 2024இல் அறிவித்துவிட்டது.