வசூல் 4,40,000, கையில் 91,000. மீதி எங்கே?

கேள்வி: தயாரிப்பாளருக்கு 1,50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, ஷேரில் (வரி போன வசூலில் தியேட்டர் விநியோகஸ்தருக்குத் தரும் பங்கு) 15 சதவீதக் கமிஷனுக்கு ஒரு சின்னப் படத்தைக் குமரி மாவட்டத்தில் விநியோகிக்க எடுத்தேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என 3 தியேட்டர். ஒரு வாரம், தினம் 4 காட்சி, டிக்கெட் 100 ரூபாய். வசூல் 4,40,000 என்றார்கள். போஸ்டர், டிஜிட்டல் கட்டணம், ஆள் செலவு 1,05,000 போக மிஞ்சியது 91,000. கணக்கு சரியா?

பதில்: சரிதான். ஆனால் அந்த 91,000-ம் லாபம் அல்ல.

4,40,000 என்பது கவுன்ட்டரில் விழுந்த பணம். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; அதற்கு மேலே போனால் 18. இதோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் கழிந்தால் நெட், அதாவது வரி போன வசூல், ஏறக்குறைய 4,00,000. தியேட்டரோடு பாதிக்குப் பாதி டெர்ம்ஸ் என்றால் உங்கள் ஷேர் 2,00,000. அதில் தியேட்டர்காரர் 2 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருப்பார், 4,000. அது வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் நிற்கும். செலவும் போனால் 91,000.

இதில் உங்கள் சம்பாத்தியம் கமிஷன் 30,000 மட்டுமே. டி.டி.எஸ். 4,000-ஐயும் வரவாகச் சேர்த்தால், மீதி 65,000 நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வருவது. இன்னும் 85,000 நிலுவை. படம் ஓடாவிட்டால் அட்வான்ஸைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கினீர்களா? அந்த ஒரு வரி இல்லையென்றால் 85,000 போனதுதான்.

இன்னொன்று: தியேட்டருக்குப் போடும் பில்லில் ஷேரின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். அந்த 36,000 அரசாங்கப் பணம். அதைப் போஸ்டருக்குச் செலவழித்துவிட்டு மறுமாதம் 20-ந் தேதி அதைக் கட்டக் கடன் தேடாதீர்கள்.

அடுத்த படத்துக்குக் கணக்கை ஆட்களில் போடுங்கள். உங்களுக்கு 84 காட்சி, 4,400 டிக்கெட். காட்சிக்குச் சராசரி 52 பேர். இதே செலவில் அட்வான்ஸ் முழுசாய்த் திரும்ப நெட் 6,00,000 வேண்டும்; ஷேர் 3,00,000-இல் கமிஷன் 45,000, செலவு 1,05,000 போனால்தான் 1,50,000 நிற்கும். 6,00,000 நெட்டுக்கு 6,600 டிக்கெட், காட்சிக்கு 79 பேர். மூன்று ஊரிலும் செவ்வாய்க்கிழமை மேட்னிக்கும் சேர்த்து 79 பேர் சராசரி வருமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் பேச வேண்டும். பாதிப் படங்கள் இந்த இடத்திலேயே கைவிடத்தக்கவை என்று தெரிந்துவிடும்.

டி.சி.ஆரை (தினசரி வசூல் அறிக்கை) வார முடிவில் மொத்தமாக வாங்காதீர்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் வகுப்புவாரியாக டிக்கெட்டின் தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் ரெப் (தியேட்டரில் நிற்கும் உங்கள் ஆள்) குறித்து, மேனேஜர் கையெழுத்தோடு போட்டோ அனுப்ப வேண்டும். இன்றைய தொடக்க எண் நேற்றைய முடிவு எண்ணுக்கு அடுத்ததாக இருக்க வேண்டும். இடையில் எண் விட்டுப்போனால் அன்றே கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பதில் கிடைக்காது. ஆன்லைன் புக்கிங் தனிப் பட்டியலாக வரும், அதையும் டி.சி.ஆரோடு சரிபாருங்கள்.

சின்னப் படத்தைக் கொல்வது பெரும்பாலும் காட்சிக் குறைப்பு. சனி, ஞாயிறு 4 காட்சி கொடுத்துவிட்டு திங்கள் முதல் காலைக் காட்சி மட்டும் என்பார்கள். எத்தனை காட்சி, எந்த நேரம், நெட் எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கலாம் என்பதை ரிலீசுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

தேதியும் முக்கியம். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் மலையாளப் படத்துக்குப் பெரிய கூட்டம் உண்டு. ஓணம் வாரத்தில் அங்கே ஸ்கிரீன் கேட்காதீர்கள், நாகர்கோவிலோடு நிறுத்துங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது, மழையும் அப்போதுதான். கடற்கரை ஊர்களை நம்பி எடுக்கும் படம் என்றால் படகுகள் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பி, கையில் காசு புழங்கத் தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமையைப் பாருங்கள்.